'தண்ணி ஒரு மாதிரியா இருக்கு' என்றால் எங்கே பார்ப்பது?

மோட்டார் இறக்கிவிட்டுக் கை கழுவும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும். "அண்ணே, மோட்டார் சரி. ஆனா தண்ணி ஒரு மாதிரியா இருக்கே?" எந்த மாதிரி என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்ல வராது. மீதிப் பேர் நான் வாய் திறப்பதற்குள் "ஆர்ஓ போட்டுடலாமா?" என்று முடித்துவிடுவார்கள். வலங்கைமானிலிருந்து வேதாரண்யம் வரை எத்தனையோ கிணற்றடியில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுக் கிணற்றில் ஆர்ஓ இல்லாமல் தீராத கோளாறு ஒன்றிரண்டுதான். மற்றதற்கெல்லாம் முதலில் வேண்டியது மூன்று பாட்டில்.

முதலில் மூன்று பாட்டில்

உள்ளே தெளிவாகத் தெரிகிற பாட்டில் மூன்றைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கயிறும் வாளியும் போட்டுக் கிணற்றில் நேராக இறைத்த தண்ணீர். போர் என்றால் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்கு ஏறுவதற்கு முன்னால் பிடித்த தண்ணீர். இரண்டாவதில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். மூன்றாவதில் அடுப்படிக் குழாய்த் தண்ணீர். மூன்றையும் மோந்து பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிறகு ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

கிணற்றுப் பாட்டில் நன்றாக இருந்து குழாய்ப் பாட்டில் மட்டும் கெட்டிருந்தால் கிணற்றின் மேல் குற்றம் இல்லை. மூடி உடைந்த தொட்டி, உள்ளே செத்த பல்லி, துருப்பிடித்த ஜிஐ பைப் என்று தேடுங்கள். தொட்டி கழுவினால் தீர்கிற கோளாறுக்கு ஃபில்டர் வாங்கியவர்கள் நம் பக்கம் நிறைய.

அடுத்தது, எந்த மாதத்தில் கெடுகிறது என்று பாருங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரை கிணறு ஊறும், ருசியும் இருக்கும். சித்திரை, வைகாசியில் மட்டம் இறங்கும்போது உப்பும் இரும்பும் தலை தூக்கும். ஐப்பசி மழையில் கலங்கலும் கிருமியும் வரும். வருடம் முழுக்க ஒரே மாதிரி கெட்டிருந்தால் அது மண்ணின் குணம். திடீரென்று ஒரே நாளில் மாறினால் மேலேயிருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது. இதைக் கேட்காமல் மருந்து சொல்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

இறைக்கும்போது தெளிவு, கொஞ்ச நேரத்தில் மஞ்சள்

இது இரும்பு. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடக்கும் இரும்பு, வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறி அடியில் காவி நிறமாகப் படியும். ராத்திரி வைத்த பாட்டில் காலையில் காட்டிக்கொடுத்துவிடும். குழாயில் வரும்போதே சிவப்பாக வந்து, வாளியில் இறைத்தது தெளிவாகவே இருந்தால் அது பைப் துரு. அதற்கு பைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த்தூள் போடுங்கள். நீலக்கருப்பாக மாறினால் இரும்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதே கடுக்காயையும் இரும்பையும் வைத்துத்தான். தேநீர் போட்டால் மைபோல் கருப்பது, வெள்ளை வேட்டி நாலு துவைப்பில் பழுப்பேறுவது எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இந்திய குடிநீர்த் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கலாம். அதைத் தாண்டினால் உடனே நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். ருசியும் கறையும்தான் தொல்லை. வைத்தியமும் செலவில்லாதது: காற்றுக் காட்டி, படியவைத்து, மணலில் வடிகட்டுவது. பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் மேல் குழாய் முனையில் பூவாளித் தலை மாட்டி, தண்ணீரை இரண்டு மூன்று அடி உயரத்திலிருந்து மழைபோல் விழச் செய்யுங்கள். ராத்திரி முழுக்கப் படியட்டும். காலையில், அடியில் கூழாங்கல், அதன் மேல் கழுவிய ஆற்று மணல் போட்ட இன்னொரு டிரம்மில் மெதுவாக வடியவிடுங்கள். மணலின் மேல் ஒரு விரற்கடை காவி சேர்ந்ததும் மேல் மணலை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். திருக்காட்டுப்பள்ளி பக்கம் என் அக்கா வீட்டில் இந்த இரண்டு டிரம்தான் ஓடுகிறது. அத்தான் மணல் கழுவ மறந்த வாரம் மட்டும் அக்காவிடமிருந்து எனக்கு போன் வரும்.

தண்ணீர் புளிப்புத் தன்மை கொண்டதாக, அதாவது பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் இரும்பு சீக்கிரம் படியாது. காற்று காட்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் காரணம் அநேகமாக அதுதான், பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். இரும்புத் தண்ணீரை நேராக ஆர்ஓவில் விடவே கூடாது, உள்ளே வடிகட்டும் சவ்வு (மெம்பரேன்) அடைத்துக்கொள்ளும்.

கறை பட்ட துணியை பிளீச்சிங் போட்டு ஊறவைத்தால் கறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் காயப் போடுங்கள்.

இதற்குக் கிளையாக ஒன்று. கிணற்றுத் தண்ணீர் மேல் எண்ணெய் போல வானவில் நிறத்தில் ஆடை மிதக்கிறதா? ஒரு குச்சியால் கீறுங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டு துண்டாக நின்றால் அது இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியா விட்ட படலம். கீறிய இடம் உடனே கூடிவிட்டால் நிஜமான எண்ணெய்: டீசல் இன்ஜின் கசிவு, பக்கத்து ஷெட்டில் கொட்டிய ஆயில். முன்னதற்குக் கிணற்றைத் தேய்த்துக் கழுவிக் குளோரின் போட வேண்டும். பின்னதற்குக் கசிவை நிறுத்தும் வரை அந்தத் தண்ணீர் குடிக்கவும் ஆகாது, சமைக்கவும் ஆகாது.

உப்புக் கரிக்கிறது

கடலோரத்துக் கதை இதுதான், மனிதர்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கொதிக்கவைத்தால் உப்பு போகாது. நீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடும். படிகாரம், மணல், கரி எதுவும் உப்பைத் தொடாது. நெல்லிக்கட்டையைக் கிணற்றடியில் போட்டால் தண்ணீர் இனிக்கும் என்பார்கள், கரிப்பு மிஞ்சிப் போன கிணற்றில் அதன் ஜம்பம் சாயாது.

தலைஞாயிறு பக்கம் ஒரு வீட்டில் பெரிய ஆளுயர சிலிண்டர் ஒன்றைக் காட்டி, "தம்பி, இவ்வளவு காசு கொட்டியும் தண்ணி கரிக்குதுப்பா" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். பார்த்தால் சாஃப்ட்னர். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தைக் கொடுக்கும் கருவி. கடினநீருக்கு நல்லது, உப்பு நீருக்குப் பத்துக் காசு பிரயோஜனம் இல்லை. விற்றவர் தெரியாமல் விற்றாரா தெரிந்தே விற்றாரா என்று நான் கேட்கவில்லை. பெரியவரின் மகன் கேட்டுக்கொண்டிருப்பார்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு சோதனை. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் போட்டதும் ஒரு அளவு, அரை மணி ஓடிய பிறகு இன்னொரு அளவு எடுங்கள். ஓட ஓட ஏறிக்கொண்டே போனால் நீங்களே அடியில் இருக்கும் உப்பு நீரை மேலே இழுக்கிறீர்கள். கடலோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் எடை குறைவானதால் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் தாங்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று கடலோரத்தில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். வேதாரண்யம், கோடியக்கரை மணல்மேட்டில் ஆழமில்லாத ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதன் ரகசியமும் இதுவே.

ஆகவே செய்ய வேண்டியது: மோட்டாரின் குதிரைத்திறனைக் குறையுங்கள். ஒரே மூச்சில் தொட்டி நிரப்பாமல் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் எடுங்கள். மாடி மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய குழிகள் பல வீடுகளில் இப்போது குப்பைக்குழி. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் வரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, கூழாங்கல், மணல் போட்ட குழி வழியாக உள்ளே விடுங்கள்.

குடிக்க மட்டும் ஆர்ஓ என்றால் நியாயம். டிடிஎஸ் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை தர அளவு அனுமதிக்கிறது. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவுக்குத் தடை விதிக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. கும்பகோணம், பாபநாசம் ஆற்றோரத்து நல்ல தண்ணீரை ஆர்ஓவில் விட்டு, குடித்ததைவிட அதிகமாகக் கொல்லையில் கொட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கடலோரத்தில் ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மரத்துக்கும் விடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வரும் ஊராக இருந்தால் அதைப் பிடித்துக் குடிக்க வைத்துக்கொண்டு, கிணற்றைக் குளிக்க, துவைக்க விட்டுவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு.

2004 டிசம்பர் 26 சுனாமிபோல் கடல்நீரே கிணற்றில் புகுந்துவிட்டால், பதறிப்போய் நாள் கணக்கில் மோட்டார் வைத்து இறைக்காதீர்கள். அழுக்கு நீரை ஒருமுறை நிதானமாக எடுத்துவிட்டு மழைக்கு விடுங்கள். விடாமல் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பும் சேர்ந்து வரும்.

பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை

கடினநீர். பாட்டிலில் பாதித் தண்ணீர், சின்னத் துண்டு குளியல் சோப்பு போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தயிர்போல் திரிந்தால் உறுதி. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளிவை எடுத்துத் திரும்பக் குலுக்குங்கள். இப்போது நுரைத்தால் பாதிக் கடினம் கொதியிலேயே போய்விடும் வகை. நுரைக்காவிட்டால் கொதிக்கு அசையாத வகை. துணிக்குச் சலவைச் சோடா போதும். பருப்புக்கு ஆப்பசோடா ஒரு சிட்டிகை, அல்லது பருப்பு வேகவைக்க மட்டும் குழாய்த் தண்ணீர். வெந்நீர்த் தவலையில் படியும் வெள்ளைப் படிவு புளி போட்டுத் தேய்த்தால் கழன்றுவிடும். கீசரும் வாஷிங் மெஷினும் அடிக்கடி பழுதானால் வீட்டுக்கு சாஃப்ட்னர் போடலாம். உடம்புக்குக் கேடு என்று இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

நாற்றம்

அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்று புகாத கருங்களிமண்ணில் இருக்கும் நுண்ணுயிர் தயாரிப்பது. பச்சைத் தண்ணீரில் இல்லாமல் வெந்நீரில் மட்டும் அடித்தால் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி காரணமாக இருக்கலாம், மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றுங்கள். பச்சைத் தண்ணீரிலேயே அடித்தால் மேலே சொன்ன பூவாளி டிரம்மே பாதி வேலை செய்யும். மீதிக்குக் குளோரின்.

இலை அழுகல், செத்த தவளை நாற்றம் தனி. கிணற்றுக்கு வலை கட்டாமல் எந்த மருந்து போட்டும் பயனில்லை. சாக்கடை நாற்றம் வந்தால் நேரே அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கலங்கல்

டம்ளரில் பாலைப்போல் வெண்மையாக வந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்று. கோடையில் மட்டம் இறங்கி மோட்டார் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்தால் மண். போரில் மணல் வந்தால் ஃபில்டர் பைப்பில் ஓட்டை இருக்கலாம், அல்லது மோட்டார் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அது என் மாதிரி ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலை.

மழைக்குப் பிறகு மட்டும் கலங்கினால் மேல் உறையின் இணைப்பைப் பாருங்கள். கிணற்றடித் தளத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிமெண்ட் பூசி அடைப்பதுதான் வைத்தியம். அதுவரை 20 லிட்டருக்கு ஒரு கிராம் படிகாரம் கரைத்துக் கலக்கித் தெளியவையுங்கள். மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டை உரைத்துத் தண்ணீர் ஊற்றுவது பாட்டி காலத்து முறை, இன்றும் வேலை செய்கிறது. தெளிந்துவிட்டது என்பதற்காகக் குடித்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் குளோரின். கலங்கல் நீரில் குளோரின் போட்டால் அது மண்ணோடு மல்லுக்கட்டி வீணாகும்.

எந்த அறிகுறியும் இல்லை, ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு

எனக்குப் பயம் இதில்தான். இரும்புத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், பளிங்குபோல் தெளிந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு அப்படியே குடிப்பார்கள். டிடிஎஸ் மீட்டரில் 150 என்று காட்டினால் "நம்ம தண்ணி அமிர்தம்" என்பார்கள். மீட்டருக்குக் கிருமி தெரியாது.

பக்கத்தில் செப்டிக் டேங்க் எத்தனை அடியில் இருக்கிறது? 50 அடிக்குள் இருந்தால் சந்தேகப்படுங்கள், மணல் பூமியில் இன்னும் அதிகமாக. கிருமி பார்க்கும் சின்னக் குப்பிகள் இருக்கின்றன. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கருத்துப்போனால் மலக்கிருமி கலந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

உடனடி வழி, கொதிக்கவைப்பது. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர். அளவு இப்படி: கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தால் பெருக்கி, கடைசியில் 22-ஆல் பெருக்கினால் லிட்டர். மூன்றடி உறைகிணற்றில் பத்தடித் தண்ணீர் என்றால் 3×3×10×22, ஏறக்குறைய 2000 லிட்டர். 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். இங்கே 5 கிராம்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டாதீர்கள். வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் நிற்பது வெறும் சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் கழித்து லேசாக வாசனை அடித்தால் சரி. அடிக்கவே இல்லையென்றால் குளோரினை அழுக்கு தின்றுவிட்டது, இன்னொரு முறை போடுங்கள். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டரிடம் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து இருக்கும், மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்துச் சொல்வார். பாக்கெட் பிரித்துப் பல மாதம் கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது.

வெள்ளம் புகுந்த கிணறு வேறு கணக்கு. இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊறியதும் 1000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் போட்டு, குழாய்களிலும் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, ஒரு ராத்திரி நிற்கட்டும். மறுநாள் வாசனை போகும் வரை இறைத்துக் கொட்டுங்கள். குளத்தில் கொட்டாதீர்கள், மீன் மிதக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங்கைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று நைட்ரேட். சம்பாவுக்கு யூரியா மேலுரம் போடும் வயலை ஒட்டிய கிணறுகளும், செப்டிக் டேங்க் பக்கத்துக் கிணறுகளும் இதில் சேரும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டாது. கொதிக்கவைத்தால் இன்னும் அடர்த்தியாகும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேலே போனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம், குழந்தை நீலம் பாரிக்கும். இதற்கு ஆர்ஓ அல்லது வேறு தண்ணீர்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது

மாவட்டத் தலைநகரில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கும். உப்பு, இரும்பு, நைட்ரேட் பார்க்க, சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்றில்லாமல் கழுத்துவரை நிரப்புங்கள். கிருமி பார்க்க அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலை அலசவே கூடாது. ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். குளோரின் போட்ட வாரத்தில் எடுத்துப் பயனில்லை.

சோதனை முடிவு சரியில்லை என்று கிணற்றைத் தூர் வார யாரையும் அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள். உள்ளே நிற்கும் வாயு ஆளை ஒரு மூச்சில் சாய்க்கும், காப்பாற்றக் குதித்தவரையும் சாய்க்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பதை மட்டும் நம்பவும் கூடாது. சுடர் அணையாவிட்டாலும் நச்சு வாயு இருக்கலாம், எரியும் வாயு என்றால் விளக்கே வெடிக்கு வழி. குமிழ் விட்டுச் சீறுகிற போர் பக்கத்தில் தீக்குச்சியும் வேண்டாம். காற்று ஊதும் பிளோவரும், இடுப்புக் கயிறும், மேலே இரண்டு ஆளும் இல்லாமல் வருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பரிசோதனைக் கேனில் ஒட்டும் சீட்டில் கிணறா போரா, எத்தனை அடி, செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளி, தண்ணீர் எடுத்த தேதி, அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடியதா இல்லையா என்று எழுதி வையுங்கள். சித்திரையில் ஒன்று, தையில் ஒன்று என்று இரண்டு சீட்டு கையில் இருந்தால் எந்த மோட்டார்காரர் வந்தாலும் உங்களிடம் சும்மா கதை அளக்க முடியாது. நான் உட்பட.